எழுத்து விழாத விசை

கணிப்பொறியின் முன் அமர்ந்து விசைகளைத் தட்டுகிறவருக்குத் திரையில் ஓர் எழுத்துக்கூடத் தோன்றாமற்போகும் வேளையில், அவர் செய்கிற காரியங்கள் ஏறக்குறைய எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதைக் காணலாம். கம்பியைப் பிடுங்கி மறுபடியும் செருகுவார். நம்லாக் விசையை அமுக்கி, மூலையிலுள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பலகையைக் கவிழ்த்துத் தட்டுவார். கடைசியில் வேறொரு பலகையைக் கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பார். இவற்றைக் கற்பித்தவர் யாரென்று கேட்டால் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது. ஆயினும் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு விதமான யந்திரங்களோடு போராடிய தொழிலாளர்களின் அநுபவத்தில் விளைந்த பரீட்சைகள். அறிவு வந்து சேரும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றாக வகுத்தார்கள் நம் முன்னோர். விசைப்பலகையின் பழுதைக் கண்டறிந்த வரலாறும் இந்த மூன்று வாயில்களின் வழியாகவே ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்திருக்கிறது என்பதும், கண்ணால் காணத்தக்கதாகப் பழுது இருந்த காலம் வரையில்தான் அதை நீக்குவது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் முழுத் தொழிலாக நிலைத்திருந்தது என்பதும் என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிளைன்ஸ்டூபர் என்பவருடைய யந்திரப் பட்டறையில், பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூலே ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய எழுதும் பொறிக்கு 1868 ஜூன் 23ஆம் தேதி காப்புரிமை வழங்கப்பட்டது. துப்பாக்கிகளும் தையல் யந்திரங்களும் செய்துவந்த ரெமிங்டன் கம்பெனியார் நியூயார்க் மாநிலத்து இலியன் என்ற ஊரில் அதை உற்பத்தி செய்து, 1874இல் 125 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பொறியில் எழுத்துத் தண்டுகள் உருளைக்கு அடியில் வட்டமாகத் தொங்கின. விசையை அமுக்கினால் தண்டு கீழிருந்து மேலெழுந்து காகிதத்தை அடிக்கும். ஆகவே எழுதுகிறவருக்குத் தாம் எழுதியது தெரியாது. சில வரிகள் கடந்தபின், அல்லது உருளையைத் தாங்கிய வண்டியைத் தூக்கிப் பார்த்தபின்தான், ஓர் எழுத்து விழாமற்போனது புலப்படும். அடித்த தண்டு தன் பாரத்தினாலேயே கீழே இறங்கவேண்டியிருந்தது. முந்திய தண்டு இறங்குமுன் அடுத்தது எழுந்தால் இரண்டும் மோதிச் சிக்கிக்கொள்ளும். இன்றைக்கும் நம் பலகைகளில் மேல்வரிசையில் நிற்கிற கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்ற ஒழுங்கு இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே பிறந்தது என்ற கதை நெடுநாளாக வழங்கிவருகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான கோய்ச்சி யாசுவோகாவும் மோட்டோகோ யாசுவோகாவும், தந்திச் செய்திகளைக் கேட்டபடியே எழுதிய ஊழியர்களின் சௌகரியத்தை ஒட்டியே அந்த ஒழுங்கு படிப்படியாக அமைந்தது என்று 2011இல் எழுதினார்கள். எனக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எப்படியிருப்பினும், தண்டுகள் சிக்கியதும் விரலை விட்டுப் பிரித்தெடுத்ததும் கற்பனை அல்ல. விசைப்பலகைக்கு மனிதன் செய்த முதல் பழுதுபார்ப்பு அதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

பிரான்ஸ் சேவியர் வாக்னர் என்பவர் 1890களில் தண்டுகளை உருளைக்கு முன்னே சாய்த்து வைத்து, எழுத்து விழும் இடம் எழுதுகிறவரின் கண்ணுக்கு நேரே அமையும்படி செய்தார். அந்த வேலைப்பாட்டை வாங்கிய அண்டர்வுட் கம்பெனியின் ஐந்தாம் எண் பொறி 1900ஆம் ஆண்டில் வெளிவந்து, அதன்பின் வந்த டைப்ரைட்டர்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று. அன்றுமுதல் பழுது கண்ணெதிரே நின்றது. எழுத்து பாதி விழுந்தால் பாதி தெரிந்தது. வரி வளைந்தால் வளைவு தெரிந்தது. மேல்மூடியைக் கழற்றிவிட்டு விசையை மெல்ல அமுக்கினால், விரலிலிருந்து காகிதம் வரையில் அந்த அசைவு எந்தெந்த நெம்புகோலைத் தொட்டு எங்கே தடைப்படுகிறது என்பதைப் பார்வையாலேயே பின்தொடரலாம்.

தமிழ்நாட்டில் தாலுகா தலைநகர்கள்தோறும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் தோன்றி, லோயர், ஹையர் என்ற அரசாங்கப் பரீட்சைகளில் தேறிய பிள்ளைகள் குமாஸ்தா வேலைக்குப் புறப்பட்ட காலத்தில், டைப்ரைட்டர் மெக்கானிக் என்றொருவர் அந்த ஊர்களின் வாழ்க்கையில் தவிர்க்கமுடியாத மனிதராக இருந்தார். விடியற்காலை முதல் இரவு வரை, ஒரு மணிக்கு ஒரு கூட்டமாக, கற்றுக்கொள்ளும் கைகள் அந்த யந்திரங்களை அடித்துக்கொண்டிருந்தன. கற்றவன் விரலைவிடக் கற்காதவன் விரல் யந்திரத்தை அதிகமாக வருத்தும். ரெமிங்டனும் ஹால்டாவும், 1955இல் முதன்முதலாக வெளிவந்த பின் கோத்ரெஜும் அங்கே வரிசையாக நின்றன. மெக்கானிக் மாதமொருமுறையோ அழைத்தபோதோ வருவார். கையில் ஒரு சிறு பை. அதில் திருப்புளிகள், குறடுகள், ஸ்பிரிங்குகளைப் பிடித்திழுக்கும் கொக்கி, பழைய பல்துலக்கும் தூரிகை, ஒரு குப்பியில் பெட்ரோல், இன்னொன்றில் மெல்லிய எண்ணெய் ஆகியவை இருக்கும்.

அவருடைய சாமர்த்தியம் எதில் இருந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் இன்று அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள். அமுக்கிய விசை மெதுவாக எழுந்தால், எழுத்துத் தண்டுகள் பொருந்தியிருக்கும் பிறைவடிவமான வரிப்பள்ளங்களில் ரிப்பன் தூசியும் ரப்பர் துகளும் பழைய எண்ணெயும் இறுகியிருக்கின்றன என்று பொருள். அனுபவமற்றவர் அங்கே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவார், அன்றைக்குச் சரியாகும், மறுமாதம் அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து இழுத்து முன்னிலும் கெட்டியாக்கும். தேர்ந்தவரோ பெட்ரோலில் தூரிகையைத் தோய்த்துக் கழுவி உலரவிட்டு, அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் படாமல் காப்பார். ஒரேயோர் எழுத்து மாத்திரம் சாய்ந்து விழுந்தால் அதன் தண்டு வளைந்திருக்கும். குறட்டால் மயிரிழை அளவு நிமிர்த்துவார். எழுத்துமுகம் தண்டின் நுனியிலிருந்து கழன்றிருந்தால் பற்றவைப்பார். வண்டியே நகராவிட்டால் அதை இழுக்கும் நாடா அறுந்திருக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி தாவினால், அடிக்கு ஒரு பல்லாக வண்டியை விடுகிற சக்கரம் தேய்ந்திருக்கும். இந்த வகையான அறிவு புத்தகத்தால் பரவவில்லை. ஒரு மெக்கானிக்கின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு சென்ற பையன், சில வருஷங்களில் தானே பையை வைத்துக்கொண்டான்.

தமிழ் யந்திரத்துக்கு ஒரு விசேஷமான சங்கடமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்று குடியேறிய ஆர். முத்தையா, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் ஆங்கில யந்திரத்தின் விசைகளுக்குள் அடக்கும் வழியைக் கண்டு, ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமன் கம்பெனியைக் கொண்டு தமிழ் டைப்ரைட்டரைச் செய்வித்தார். புள்ளிக்கென்று தனி எழுத்துக்கள் பதினெட்டு வைத்தால் இடம் போதாதாகையால், புள்ளியை அடித்தால் வண்டி நகராமல் அங்கேயே நிற்க, அடுத்து அடிக்கும் மெய் அதன்கீழ் வந்து அமரும்படியாக நகரா விசை என்னும் ஏற்பாடு கையாளப்பட்டது. அந்த விசையின் உள்ளமைப்பு சிறிது தேய்ந்தாலும், நகரக்கூடாத வண்டி நகர்ந்துவிடும். புள்ளி ஓரிடத்திலும் அதற்குரிய எழுத்து வேறிடத்திலுமாக விழும். ஆங்கில யந்திரத்தையே பழகிய மெக்கானிக்குக்கு இது புரியாது; தமிழ் எழுதத் தெரிந்த மெக்கானிக்குக்கோ, தட்டச்சான ஒரு வரியைப் பார்த்தமாத்திரத்திலேயே பழுதின் இருப்பிடம் தெரியும்.

காட்சியிலிருந்து கருதலுக்குத் தொழில் திரும்பிய இடம் 1961ஆம் ஆண்டு. அவ்வாண்டில் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட செலக்ட்ரிக் என்ற மின்சார டைப்ரைட்டரில் எழுத்துத் தண்டுகளே கிடையா. எண்பத்தெட்டு எழுத்துருக்களைத் தன்மேல் தாங்கிய ஓர் உருண்டைத் தலை, அமுக்கிய விசைக்கேற்பச் சாய்ந்தும் சுழன்றும் உரிய முகத்தைக் காகிதத்துக்குக் காட்டியது. விசைக்கும் எழுத்துக்கும் இருந்த நேர் உறவு அங்கே அறுந்தது. ஒவ்வொரு விசையும் சில உலோகப் பட்டைகளைத் தேர்ந்து அசைக்க, அந்தப் பட்டைகளின் சேர்க்கைதான் எழுத்தைத் தீர்மானித்தது. ஒரு பட்டை கெட்டால் ஓர் எழுத்து மாத்திரம் கெடுவதில்லை. அந்தப் பட்டையை நம்பிய எழுத்துக்கள் எல்லாம் ஒருங்கே பிறழும். மெக்கானிக் இப்போது, எவையெவை தவறாக விழுகின்றன என்று எழுதிவைத்துக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் பொதுவாக உள்ளது எது என்று யோசிக்கவேண்டியவரானார்.

கணிப்பொறியின் விசைப்பலகையில் இந்த யோசனை இன்னும் சூக்ஷ்மமாயிற்று. நூறு விசைகளுக்கு நூறு கம்பிகள் இழுத்தால் கட்டுப்படியாகாது. ஆதலால் கிடைக்கோடுகள் சில, நெடுங்கோடுகள் சில என்று வலையாகப் பின்னி, அவை ஒன்றையொன்று கடக்கும் இடந்தோறும் ஒரு விசையை அமைத்தார்கள். உள்ளேயிருக்கும் சிறு சில்லு ஒவ்வொரு கோட்டையும் ஓயாமல் மாறிமாறிச் சோதித்து, எந்தக் கோடு எந்தக் கோட்டைத் தொட்டது என்று அறிகிறது. இதனால் பழுதின் லக்ஷணமே மாறியது. வாய்க்கால் ஓரிடத்தில் அடைபட்டால் அதற்கப்பால் பாயவேண்டிய பாத்திகள் எல்லாம் சேர்ந்து காய்வதைப்போல, ஒரு கோடு அறுந்தால் பலகையில் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் பல விசைகள் ஒரே நேரத்தில் உயிரிழக்கும். ஒரே விசை செத்தால் அந்த விசையின் கீழே பார். சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றும் பல விசைகள் சேர்ந்து செத்தால் கோட்டைப் பார். எல்லாமே செத்தால் கம்பியையோ சில்லையோ பார் என்ற விதி அன்று பிறந்தது. ஒருமுறை அமுக்கினால் இருமுறை விழும் எழுத்தும் இக்காலத்துப் பழுதுதான். இரண்டு உலோகங்கள் தொடும்போது கணநேரம் துள்ளித் துள்ளியே ஒட்டும். அந்தத் துள்ளல் அடங்கும்வரை சில்லு பொறுத்திருந்து எண்ணுகிறது. தொடுமுனை பழசாகித் துள்ளல் நீண்டால் பொறுமை போதாமற்போகிறது. தொடுமுனையே வேண்டாம் என்று எண்ணி, ஹனிவெல் கம்பெனியின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவினர் காந்தத்தின் நெருக்கத்தை உணரும் விசைகளை 1968இல் கொண்டுவந்தார்கள். தேயாதவை, ஆனால் விலை மிகுந்தவை.

1981 ஆகஸ்டு மாதம் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் எண்பத்து மூன்று விசைகள் கொண்ட பலகைக்குள்ளேயே இன்டெல் 8048 என்ற தனிச் சில்லு குடியிருந்தது. அது எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் எண்ணை அனுப்பும். ஏ என்ற விசையை அமுக்கினால் 30. விடுத்தால் அதனோடு 128 கூட்டி 158. விடுத்த செய்தி ஏதோ காரணத்தால் போய்ச்சேராவிட்டால், கணிப்பொறி அந்த விசையை இன்னும் அமுக்கியிருப்பதாகவே கருதும். ஷிப்ட் விசை ஒட்டிக்கொண்டதுபோல எல்லாம் பெரிய எழுத்தாக விழுந்து, அதே விசையை இன்னொருமுறை தட்டியதும் தெளிந்துவிடுகிற வழக்கமான தொல்லைக்கு இதுவே காரணம்.

இங்கேதான் மூன்றாவது வாயில் திறந்தது. மின்சாரம் பாய்ந்தவுடன் அந்தக் கணிப்பொறி தன் உறுப்புக்களைத் தானே சோதித்துக்கொண்டு, விசைப்பலகையில் குற்றம் கண்டால் 301 என்ற எண்ணைத் திரையில் காட்டிற்று. ஒரு விசை அமுங்கியபடியே நின்றிருந்தால், அந்த விசையின் எண்ணையும் முன்னால் சேர்த்துக் காட்டிற்று. யந்திரமே தன் பழுதை உரைத்த அந்த ஏற்பாடு பழுதுபார்ப்பின் சரித்திரத்தில் மிகப் பெரிய திருப்பம் என்று நான் கருதுகிறேன். மூடியைத் திறவாமலே, எந்த விசையின்கீழ் ரொட்டித் துணுக்கு கிடக்கிறது என்பதை அறிய முடிந்தது.

1984இல் வந்த ஐபிஎம்மின் ஏடி என்னும் கணிப்பொறி, இந்த வித்தைக்கு மூன்று புதிய பாடங்களைச் சேர்த்தது. அதன் முகப்பில் ஒரு பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பினால் விசைப்பலகை செயலற்றுப்போகும். பழுதேயில்லாத பலகை பழுதானதுபோல நடித்த சந்தர்ப்பம் அது. அப்போது 302 என்ற எண் தோன்றிப் பூட்டைத் திறக்கும்படியும், தொடர்வதற்கு எஃப்1 விசையை அமுக்கும்படியும் கேட்கும். விசைப்பலகை இல்லையென்று சொல்லிவிட்டு விசையை அமுக்கச் சொல்கிறதே என்று பிற்காலத்தில் உலகமெங்கும் பரிகசிக்கப்பட்ட செய்தியின் பூர்வீகம் இதுதான். சாவியைத் திருப்பியவுடன் அமுக்கக்கூடிய விசைக்காகவே அது காத்திருந்தது என்பதை அறிந்தால் அந்தப் பரிகாசத்துக்கு இடமில்லை. இரண்டாவது, பழைய கணிப்பொறியின் பலகையும் புதியதன் பலகையும் ஒரே வடிவமான ஐந்து முனைச் செருகியைப் பெற்றிருந்தும் வெவ்வேறு முறையில் பேசின. மற்றக் கம்பெனிகள் செய்த மலிவான பலகைகளின் அடிப்புறத்தில் பழைய முறைக்கு எக்ஸ்டி என்றும் புதியதற்கு ஏடி என்றும் இருபுறமும் குறித்த ஒரு சிறு மாற்றுக்கட்டை இருந்தது. துடைக்கும்போது அது தள்ளப்பட்டால் பலகை முழுவதும் ஊமையாகிவிடும். கணிப்பொறிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சித் தெருவில் சென்ற தலைமுறையில் வேலை பழகியவர்களுக்குப் பலகையைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது பாடம் விளக்கு. ஏடியின் பலகையில் நம்லாக், கேப்ஸ்லாக் முதலிய விசைகளுக்கு விளக்குகள் வைத்தார்கள். அவற்றை ஏற்றுவதும் அணைப்பதும் பலகையின் வசத்தில் இல்லை. விசையின் எண் கணிப்பொறிக்குப் போய், கணிப்பொறி அதைப் புரிந்துகொண்டு, விளக்கை ஏற்று என்று திரும்பக் கட்டளையிட்டால்தான் எரியும். ஆகவே அந்தச் சிறு ஒளி மாறுமானால், விசை, கோடு, சில்லு, கம்பி, செருகி, கணிப்பொறியின் அறிவு ஆகிய யாவும் போக்கிலும் வரவிலும் உயிரோடிருக்கின்றன என்று நிச்சயிக்கலாம். மாறாவிட்டால், பலகையாவது கம்பியாவது செத்தது, அல்லது கணிப்பொறியே உறைந்துபோயிற்று. ஒரு விரலின் ஒரேயொரு தொடுகையில் இவ்வளவு தூரம் அநுமானிக்கத்தக்க பரீட்சை வேறு இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் தொழிலாளர்கள் முதலில் நம்லாக்கைத் தேடுவதன் ரகசியம் அதுவே.

1987இல் பிஎஸ்/2 என்ற ஆறு முனைச் செருகி வந்தது. சுட்டெலிக்கும் விசைப்பலகைக்கும் அச்சொத்த துளைகள் அடுத்தடுத்து அமைந்ததால், இடம் மாற்றிச் செருகி இரண்டையும் ஊமையாக்கியவர்கள் கணக்கற்றவர்கள். பின்னால் ஒன்றுக்கு ஊதாவும் மற்றதற்குப் பச்சையும் பூசி அந்தத் தொல்லையைக் குறைத்தார்கள். மின்சாரம் ஓடும்போதே இதைப் பிடுங்கிச் செருகலாகாது. செருகினால் கணிப்பொறி புதியதைக் கண்டுகொள்ளாது. சில வேளை தாய்ப்பலகையில் உள்ள நுண்ணிய பியூஸும் எரிந்துபோகும். அணைத்துவிட்டுச் செருகி மறுபடி போடவேண்டும் என்ற பழக்கம் அந்தக் காலத்து அவசியம். 1996இல் யுஎஸ்பி வந்தபின் அந்த அவசியம் நீங்கியும் பழக்கம் நீங்கவில்லை.

இதற்கிடையே பலகையின் உட்புறம் ஏழ்மை அடைந்தது. ஐபிஎம்மின் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் வகுத்த ஸ்பிரிங் விசை, அமுக்கினால் ஒருபுறம் மடிந்து, கேட்கும்படி ஒரு சத்தமும் விரலுக்கு ஒரு தெறிப்பும் தரும். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் அவ்விதம் செய்த பலகைகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. விலை சரியச் சரிய, ஸ்பிரிங்கின் இடத்தில் ரப்பர்க் குமிழும், அதன்கீழ் மூன்றடுக்குப் பிளாஸ்டிக் தாளும், தாளில் பூசிய மெல்லிய தடங்களுமே எங்கும் நிறைந்தன. ஒரு குவளை காப்பி அடுக்குகளுக்கிடையே புகுந்தால் தடம் அரித்துப்போகும்; அரித்த தடத்தை மின்கடத்தும் பூச்சால் இணைத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். ஆனால் புதிய பலகையின் விலை பழுதுபார்ப்பவரின் ஒருமணி நேரக் கூலிக்குச் சமமானபோது, அந்தத் திறமைக்கு விலைசொல்ல ஆளில்லாமற்போயிற்று. இது எனக்கு மனவருத்தம் தருகிற செய்தி.

பழுதில்லாப் பழுதுகளும் பெருகின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தார், கைநடுக்கமுள்ளவர்கள் தவறிப் படும் தொடுகைகளைக் கணிப்பொறி பொருட்படுத்தாமலிருக்க வேண்டுமென்று எண்ணி இயற்றிய வசதி, 1995இல் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. வலப்புற ஷிப்டை எட்டு விநாடி அமுக்கியிருந்தால் அது விழித்துக்கொள்ளும். அதன்பின் இலேசாகத் தட்டும் எழுத்து எதுவும் விழாது. பலருக்கு உபகாரமான இந்த ஏற்பாட்டை அறியாதவர்கள், நல்ல பலகையைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். பலகையைக் கழற்றுமுன் இதையும் பார்த்துவிடவேண்டும்.

மடிக்கணினிகளில் பலகை உடம்போடு ஒன்றாயிற்று. ஆப்பிள் கம்பெனி 2015இல் கொண்டுவந்த மிக மெல்லிய பட்டாம்பூச்சி விசைகளில் ஒரு தூசி புகுந்தாலும் எழுத்து விழாது, அல்லது இரட்டித்து விழும். கணினியை எழுபத்தைந்து பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்திய காற்றை வரிசை வரிசையாக ஊதும்படி அந்தக் கம்பெனியே வழிகாட்டவேண்டி வந்தது. 2018இல் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தது. 2019 இறுதியில் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்குத் திரும்பியது. 2022இல் வழக்கொன்றைத் தீர்க்க 5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. ஒரு விசை கெட்டால் மேல்மூடி முழுவதையும், அதோடு ஒட்டிய மின்கலத்தையும் சேர்த்து மாற்றவேண்டியிருந்த அந்த வடிவத்தை நான் பொறியியலின் வெற்றியாக ஏற்கமாட்டேன். இன்று மற்றக் கம்பெனிகளின் மடிக்கணினிகள் பலவற்றிலும் பலகை பிளாஸ்டிக் முளைகளை உருக்கி இறுக்கப்பட்டிருக்கிறது. ரிச்சித் தெருவின் மெக்கானிக் அந்த முளைகளை ஒவ்வொன்றாகச் சீவியெடுத்து, புதிய பலகையை வைத்து, சூட்டுக்கோலால் மறுபடி உருக்கி அமர்த்துகிறார்.

லெக்சிங்டனில் அந்த ஸ்பிரிங் பலகைகள், 1996 முதல் யூனிகாம்ப் என்ற சிறு கம்பெனியால், இன்றும் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றின் பழைய பிரதிகளிலும் உட்தகடுகளைப் பிணைத்தவை பிளாஸ்டிக் முளைகளே. காலத்தால் அவை ஒவ்வொன்றாக ஒடியும்போது விசைகள் சோர்ந்துபோகின்றன. அவற்றை நேசிக்கிறவர்கள் ஒடிந்த முளைகளை உளியால் செதுக்கித் தள்ளிவிட்டு, அந்த இடந்தோறும் மெல்லிய துளையிட்டு, சிறு போல்ட்டும் நட்டும் வைத்து முடுக்குகிறார்கள். அப்படி முடுக்கிய பலகையை அடுத்தமுறை திறப்பதற்கு ஒரு திருப்புளி போதும்.